ஆஸ்திரேலியாவில் ஆன்லைனில் சர்டிபிகேட் த்ரீ: புதிதாக வந்தவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

"வீட்டிலிருந்தே படியுங்கள், ஆறே வாரத்தில் ஏஜ்டு கேர் சர்டிபிகேட்!" இப்படி ஒரு விளம்பரம் மெல்பர்ன், சிட்னி தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். யாராவது ஒருவர் அதைப் போட்டு "இதை நம்பலாமா?" என்று கேட்பார், கீழே பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள், கேட்டவர் முன்னைவிட அதிகமாகக் குழம்பிப் போவார். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு ஏஜ்டு கேர் (முதியோர் பராமரிப்பு), சைல்டு கேர் (குழந்தைப் பராமரிப்பு) இரண்டுக்குமான சர்டிபிகேட் த்ரீ என்ற தொழிற்சான்றிதழை எடுத்துக்கொள்கிறேன், நம்மவர்கள் நிறையப் பேர் முதலில் எட்டிப் பார்ப்பது அந்த இரண்டையும்தான். மற்றத் தொழில்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்ஸைத் தேடுவதற்கு முன்னால் பிளேஸ்மென்ட்டைத் தேடுங்கள், அதாவது நேரில் போய் வேலை செய்து காட்டும் அந்த மணிநேரங்களை எங்கே, யார் மூலம் முடிக்கப் போகிறீர்கள் என்பதை. ஆன்லைன் பாடம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். மாட்டிக்கொள்பவர்கள் எல்லாரும் பிளேஸ்மென்ட்டில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எது ஆன்லைனில் முடியும், எது முடியாது

இங்கே தொழிற்படிப்பில் மார்க் கிடையாது. நம் ஊர்ப் பரீட்சை போல நூற்றுக்கு எழுபது வாங்கினேன், எண்பது வாங்கினேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் "இந்த வேலையை இந்த அளவுக்குச் செய்து காட்ட வேண்டும்" என்று தேசிய அளவில் எழுதி வைத்திருக்கிறார்கள். செய்து காட்டினால் 'காம்பிடன்ட்', இல்லையென்றால் 'நாட் யெட் காம்பிடன்ட்'. அவ்வளவுதான்.

முதலுதவிக் கோர்ஸைப் பாருங்கள். பாடத்தைப் போனில் பஸ்ஸில் போகும்போதே படித்து முடித்துவிடலாம். ஆனால் சி.பி.ஆர். செய்து காட்ட, பெரியவர் அளவிலான பொம்மையைத் தரையில் கிடத்தி, 30 அழுத்தம், 2 மூச்சு என்ற கணக்கில், குறைந்தது 2 நிமிடம் இடைவிடாமல் தனி ஆளாகச் செய்ய வேண்டும். மேசைமேல் வைத்துச் செய்தால் செல்லாது. இரண்டு நிமிடம் என்றால் சும்மா தோன்றும், செய்து பாருங்கள், முழங்காலும் மணிக்கட்டும் பேசும். இதை நேரில் பார்க்காமல், முழுக்க ஆன்லைனிலேயே முதலுதவிச் சான்றிதழ் தருகிறோம் என்று ஒருவர் சொன்னால் அந்தத் தாளை எந்த வேலையிடமும் சீந்தாது.

அதே மாதிரிதான், சர்டிபிகேட் த்ரீ இன் இன்டிவிஜுவல் சப்போர்ட் (ஏஜ்டு கேர், டிசபிலிட்டி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் வேலை, இவற்றுக்கான படிப்பு) முடிக்க 120 மணிநேரம் வேலையிடத்தில் இருந்திருக்க வேண்டும். சைல்டு கேர் சர்டிபிகேட் த்ரீக்கு 160 மணிநேரம், அதன் டிப்ளமோவுக்கு 280. இந்தக் கணக்கைப் போட்டது படிப்பை நடத்தும் நிறுவனம் இல்லை, தேசியப் பாடத்திட்டத்தில் இருப்பது. அதனால் "எங்களிடம் பிளேஸ்மென்ட் குறைச்சல்தான்" என்று யாராவது சலுகை காட்டினால், சலுகையே அங்கே ஆபத்து.

தூரத்தில் இருந்து படிப்பது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், பறக்கும் டாக்டர் சேவையின் ரேடியோவை வைத்து, நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் பண்ணைகளில் இருந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கியவர்கள் இவர்கள். ஆன்லைன் என்றாலே ஏமாற்று என்று ஒதுக்கவும் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். நல்ல கோர்ஸும் உண்டு, பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

விசாவும் ஆங்கிலமும்

ஸ்டூடன்ட் விசாவில் வந்தவர் என்றால் உங்கள் பிரதான கோர்ஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆன்லைனில் படிக்கக் கூடாது என்பது விதி. "முழுக்க ஆன்லைன்தான், விசாவுக்கும் செல்லும்" என்று ஏஜென்ட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் பி.ஆர்., பார்ட்னர் விசா, ஹ்யூமானிட்டேரியன் விசா என்று வந்து, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே படிக்கப் பார்ப்பவர்களுக்கானது.

ஆங்கிலம் கொஞ்சம் இழுக்கிறது என்றால் நேராகக் கோர்ஸில் குதிக்காதீர்கள். ஏ.எம்.இ.பி. என்ற இலவச ஆங்கில வகுப்பு 1948-இலிருந்து புதிதாகக் குடியேறுபவர்களுக்காக நடந்துவருகிறது. முன்பு 510 மணிநேரம்தான் என்று ஒரு வரம்பு இருந்தது, 2021-இல் அதை எடுத்துவிட்டார்கள். மாலை வகுப்பு உண்டு, வீட்டிலிருந்தே படிக்கும் வசதியும் உண்டு, சின்னக் குழந்தை இருந்தால் வகுப்பு நேரத்துக்குப் பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. எப்படியும் கோர்ஸில் சேரும்போது எழுத்து, வாசிப்பு, கணக்கு எந்த அளவில் இருக்கிறது என்று ஒரு சின்னச் சோதனை வைப்பார்கள். அதைக் கணவரோ பிள்ளையோ எழுதிக் கொடுக்க வேண்டாம். உதவி வேண்டுமா என்று கண்டுபிடிக்கத்தான் அந்தச் சோதனை, அதில் பொய் சொன்னால் பிறகு ஒவ்வொரு அசெஸ்மென்ட்டிலும் நீங்கள்தான் திண்டாட வேண்டும்.

யூ.எஸ்.ஐ. எடுங்கள்

பத்து எழுத்து, எண் கலந்த ஒரு மாணவர் அடையாளக் குறியீடு. 2015 ஜனவரி 1 முதல் இது இல்லாமல் தொழிற்படிப்பில் சான்றிதழ் வாங்க முடியாது. இலவசம், விசா உள்ள பாஸ்போர்ட்டோ மெடிகேர் கார்டோ இருந்தால் சில நிமிட வேலை. ஏஜென்ட் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் சொந்த இமெயிலில், நீங்களே எடுங்கள். காலம் முழுக்கக் கூடவே வரப்போவது.

பதிவேட்டில் பெயரைப் பாருங்கள்

டிரெய்னிங் டாட் ஜிஓவி டாட் ஏயு என்ற தளம்தான் தேசியப் பதிவேடு. சான்றிதழ் கொடுக்க அனுமதி உள்ள நிறுவனத்துக்கு ஆர்.டி.ஓ. என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கும். விளம்பரத்தில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல நேரம் விளம்பரம் செய்பவர் வெறும் தரகராக இருப்பார், படிப்பு நடத்துவது வேறு யாரோ. சான்றிதழில் எந்த ஆர்.டி.ஓ. பெயர் அச்சாகும் என்று நேரடியாகக் கேளுங்கள், அந்தப் பெயரைப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். நீங்கள் சேரும் கோர்ஸ் அவர்களுடைய 'ஸ்கோப்'பில், அதாவது அவர்கள் நடத்த அனுமதி உள்ள படிப்புகளின் பட்டியலில், இருக்க வேண்டும்.

கோர்ஸ் குறியீட்டையும் வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள். சிஎச்சி33021 என்றால், சிஎச்சி என்பது சமூக சேவைத் துறை, அடுத்து வரும் 3 என்பது சர்டிபிகேட் த்ரீ, கடைசி 21 என்பது அந்தப் பதிப்பு வந்த 2021-ஆம் ஆண்டு. பதிப்பு மாறும்போது பழையதற்குப் பக்கத்தில் 'சூப்பர்சீடட்' (புதியது வந்துவிட்டது) என்று காட்டும். பழைய பதிப்பில் கடைசி நேரத்தில் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு, அதில் சேர்ந்துவிட்டு நடுவில் மாற்ற வேண்டி வந்தால் தலைவலி. சைல்டு கேர் என்றால் இன்னொரு பட்டியலும் பார்க்க வேண்டும்: ஏ.சி.இ.சி.க்யூ.ஏ. என்ற தேசிய அமைப்பு எந்தெந்தப் படிப்பு செல்லும் என்று பட்டியல் வைத்திருக்கிறது.

பதிவேட்டில் பெயர் இருந்துவிட்டால் மட்டும் நிம்மதியாகிவிட முடியாது. 2024 இறுதியில், ஒழுங்குமுறை அமைப்பான ஆஸ்க்வா, மூடப்பட்ட சில ஆர்.டி.ஓ.க்கள் கொடுத்த சான்றிதழ்களை ஆயிரக்கணக்கில் ரத்து செய்தது. அவற்றில் ஏஜ்டு கேர், சைல்டு கேர் சான்றிதழ்களும் உண்டு. சரியான பயிற்சியோ மதிப்பீடோ நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதுதான் காரணம். உண்மையாகவே படித்தவர்களும் தங்கள் கையில் ஆதாரம் இருக்கிறதா என்று தேட வேண்டி வந்தது. ஆகவே நீங்கள் எழுதிய அசெஸ்மென்ட், டிரெய்னர் கொடுத்த கருத்து, பிளேஸ்மென்ட் மணிநேரங்களைக் குறித்துவைக்கும் லாக்புக்கின் ஒவ்வொரு பக்கம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்களிடமும் ஒரு பிரதி வையுங்கள்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

போனில் கேட்காதீர்கள். போனில் எல்லாம் தேனாகத்தான் இருக்கும். இமெயிலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

முதல் கேள்வி, பிளேஸ்மென்ட்டை யார் தேடித் தருவது? "மாணவர் தாமே ஏற்பாடு செய்ய வேண்டும்" என்று ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். ஊருக்குப் புதிது, யாரையும் தெரியாது, ஆங்கிலத்தில் போன் பேசவே தயக்கம் என்று இருப்பவர் ஒவ்வொரு நர்ஸிங் ஹோமாக ஏறி இறங்கி "என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். பல இடங்கள் டேஃப் (அரசுத் தொழிற்கல்வி நிறுவனம்) போன்ற பெரிய நிறுவனங்களோடு ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருப்பதால் தனியாக வருபவரை எடுப்பதே இல்லை. பாடம் எல்லாம் முடித்துவிட்டு, பிளேஸ்மென்ட் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்து, அதற்குள் கோர்ஸ் காலாவதியாகி, நீட்டிப்புக்குத் தனியாகக் காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும். "நாங்கள் உதவுவோம்" என்ற பதிலும் போதாது. என் சபர்ப்புக்குப் பக்கத்தில் எந்தெந்த இடங்களோடு உங்களுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, எத்தனை வாரத்துக்குள் இடம் கிடைக்கும் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

அடுத்தது, செய்முறைப் பயிற்சி எங்கே, எத்தனை நாள்? பிளேஸ்மென்ட்டுக்கு முன்னால் ஒரு பயிற்சி அறையில் ஹாயிஸ்ட் (ஆளைத் தூக்கும் கருவி), வீல்சேர், ஸ்லைடு ஷீட் (படுக்கையில் ஆளை நகர்த்த உதவும் வழுக்கும் துணி) எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். படுக்கையில் இருக்கும் ஒருவரைத் திருப்புவதை யூடியூபில் பார்ப்பது வேறு. நேரில் செய்யும்போது ஷீட்டை எந்தப் பக்கமாகச் சுருட்டி உடம்புக்கு அடியில் செருகுவது, உங்கள் காலை எப்படி வைத்து நின்றால் இடுப்பு பிடிக்காது, தொடுவதற்கு முன்னால் "இப்போது உங்களை வலப்பக்கம் திருப்பப் போகிறேன், சரியா?" என்று அவரிடம் கேட்டு, அவர் தலையசைக்கும் வரை காத்திருப்பது, இதையெல்லாம் பக்கத்தில் ஒரு டிரெய்னர் நின்று திருத்தினால்தான் கைக்கு வரும். அசெஸர் கவனிப்பதும் இதைத்தான். நீங்கள் சொல்லாமலே திருப்பிவிட்டால், எவ்வளவு சுலபமாகத் திருப்பியிருந்தாலும், மறுபடி செய்யச் சொல்வார்.

பிறகு, ஆன்லைன் என்று அவர்கள் சொல்வது எதை? குறிப்பிட்ட நேரத்தில் ஜூமில் டிரெய்னர் வரும் வகுப்பா, அல்லது பாடங்களைப் போட்டுவிட்டு 'உங்கள் வேகத்தில் படியுங்கள்' என்று விட்டுவிடுவதா? இரண்டாவது கேட்க இனிக்கும். நைட் ஷிஃப்ட் போகிறவருக்கு வேறு வழியும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கேட்பார் யாரும் இல்லாவிட்டால் முதல் இரண்டு யூனிட்டோடு படுத்துவிடும். என்னைக் கேட்டால், வாரத்தில் ஒரு நாளாவது முகம் பார்க்கும் வகுப்பு உள்ளதையே எடுங்கள். சந்தேகம் கேட்டு இமெயில் போட்டால் எத்தனை நாளில் பதில் வரும், டிரெய்னரோடு நேரடியாகப் போனில் பேச முடியுமா என்பதையும் கேட்டு வையுங்கள்.

வேலையிடத்தையே முதலில் பிடித்தால்?

இது பலருக்குத் தோன்றுவதில்லை. சைல்டு கேரில் சர்டிபிகேட் த்ரீ முடித்திருக்க வேண்டும், அல்லது அதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் விதி. அதாவது கோர்ஸில் சேர்ந்து படித்துக்கொண்டே சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். ஏஜ்டு கேரிலும் ஆள் பற்றாக்குறை உள்ள இடங்கள் சான்றிதழ் இல்லாதவரை எடுத்து, தாங்களே படிப்பில் சேர்த்துவிடுவது உண்டு. டிரெய்னீஷிப் என்று கேளுங்கள். அப்படிக் கிடைத்தால் பிளேஸ்மென்ட் கவலையே பெரும்பாலும் தீர்ந்தது, வேலையிடமே படிக்கும் இடம். சம்பளம் தொடக்கத்தில் குறைவாக இருக்கும், அதைக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

பணம்

எங்கும் கட்டுவதற்கு முன்னால் உங்கள் மாநில டேஃபுக்கு ஒரு போன் போடுங்கள். 2023 ஜனவரியிலிருந்து மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து கட்டணமில்லாத டேஃப் இடங்கள் கொடுக்கின்றன, விக்டோரியாவில் அதற்கு முன்பே, 2019-இலேயே தொடங்கிவிட்டார்கள். ஏஜ்டு கேர், சைல்டு கேர் இரண்டும் பொதுவாக அந்தப் பட்டியலில் வருபவைதான். எந்த விசாவுக்கு உண்டு, எதற்கு இல்லை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விக்டோரியாவில் அடைக்கலம் கோரிக் காத்திருப்பவர்களுக்கும் மானியத்தில் படிக்கத் தனி ஏற்பாடு உண்டு, அதனால் பிரிட்ஜிங் விசாதானே (முடிவு வரும் வரையிலான இடைக்கால விசா) என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாமல் கேட்டுவிடுங்கள். மானியத்தை ஒரு கோர்ஸில் பயன்படுத்தியது அடுத்த கோர்ஸுக்கான தகுதியைப் பாதிக்கலாம் என்பதால், சும்மா சேர்ந்து பார்ப்போம் என்று அதை வீணாக்காதீர்கள்.

தனியார் என்றால், மொத்தத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். 1500 டாலருக்கு மேல் முன்பணம் வாங்கும் ஆர்.டி.ஓ. அந்தப் பணத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். தவணையில் கட்டுவதுதான் நல்லது.

டிப்ளமோவுக்கு அரசுக் கடன் உண்டு என்பார்கள். சர்டிபிகேட் த்ரீக்கு அது கிடையாது, சாதாரண பி.ஆர். விசாக்காரர்களுக்கும் பெரும்பாலும் கிடையாது. கிடைப்பவர்களும் 'சென்சஸ் டேட்' என்ற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு முன் விலகினால் கடன் ஏறாது, அடுத்த நாள் விலகினால் ஏறிவிடும். இப்போதைய கடன் திட்டத்துக்கு முன்னால் இருந்த திட்டத்தில், தரகர்கள் வீடு வீடாகப் போய் இலவச லேப்டாப் தருகிறோம் என்று கையெழுத்து வாங்கி, என்ன கோர்ஸ் என்றே தெரியாதவர்கள் தலையில் ஆயிரக்கணக்கான டாலர் கடனை ஏற்றினார்கள். ஆங்கிலம் சரியாகத் தெரியாத குடியேறிகளும் அவர்கள் குறிகளில் ஒன்று. 2016-ஓடு அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். லேப்டாப் போனாலும் அந்த மாதிரித் தரகர்கள் முழுக்கப் போய்விடவில்லை, இப்போது கிஃப்ட் கார்டோடு வருகிறார்கள்.

ஊரில் செய்த வேலைக்கு மதிப்பு உண்டா?

உண்டு. ஏற்கெனவே கற்றதற்கு அங்கீகாரம் கொடுப்பது, ஆர்.பி.எல். என்பார்கள். யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ நர்ஸாக இருந்தவர், பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், ஆதாரம் காட்டினால் சில யூனிட்டுகளை மறுபடி படிக்க வேண்டியதில்லை. வேலைக் கடிதம், பொறுப்புகளை விளக்கும் குறிப்பு, மேலாளரின் தொடர்பு, பழைய சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு எல்லாம் கேட்பார்கள், அதோடு ஒரு அசெஸர் உங்களோடு பேசுவார், செய்து காட்டவும் சொல்வார். எதுவுமே கேட்காமல் "ரெஸ்யூம் அனுப்புங்கள், பத்து நாளில் சான்றிதழ்" என்றால் அதற்குப் பெயர் ஆர்.பி.எல். இல்லை, வியாபாரம்.

இங்கே வேறு ஆர்.டி.ஓ.வில் ஏற்கெனவே முடித்த அதே யூனிட் இருந்தால் அதையும் திரும்பப் படிக்க வேண்டாம், கிரெடிட் கொடுக்க வேண்டும்.

படிக்கும்போது

போனிலேயே முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். வாசிக்கப் போன் போதும், அசெஸ்மென்ட் எழுத ஒரு கீபோர்டு வேண்டும். வீட்டில் இல்லையென்றால் உங்கள் கவுன்சில் நூலகத்தில் கம்ப்யூட்டர் இலவசம், சத்தம் இல்லாத மூலையும் கிடைக்கும்.

பதில்களைச் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். இலக்கணம் உடைந்திருந்தால் பரவாயில்லை. தோழி எழுதியதை ஒட்டுவது, ஏ.ஐ.யிடம் கேட்டு அப்படியே போடுவது எல்லாம் முதலில் வேலையை மிச்சப்படுத்துவது போல இருக்கும், அப்புறம் அசெஸர் போன் செய்து "நான்காம் கேள்விக்கு நீங்கள் எழுதியதைக் கொஞ்சம் விளக்குங்கள்" என்பார். 'நாட் சாட்டிஸ்ஃபாக்டரி' என்று திரும்பி வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், எங்கே குறை என்று எழுதியிருப்பார்கள், திருத்தி அனுப்பினால் போதும். நம் ஆட்கள் அதை ஃபெயில் என்று எடுத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

பிளேஸ்மென்ட்டுக்கான தாள்களைக் கோர்ஸ் தொடங்கிய வாரமே ஆரம்பியுங்கள். போலீஸ் செக், டிசபிலிட்டி என்றால் என்.டி.ஐ.எஸ். (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியத் திட்டம்) வொர்க்கர் ஸ்கிரீனிங், குழந்தைகளோடு என்றால் வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக், ஃப்ளூ ஊசி. இதில் ஒன்று தாமதமானாலும் கிடைத்த இடம் கைநழுவும். போன பிறகு, ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் அன்றைக்கே லாக்புக்கில் சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால், வெள்ளிக்கிழமை அவர் லீவில் இருப்பார்.

தகராறு வந்தால்

முதலில் ஆர்.டி.ஓ.வுக்கே எழுத்தில் புகார். அவர்களுக்குப் புகார் நடைமுறை இருந்தே ஆக வேண்டும். பலனில்லை என்றால் தேசியப் பயிற்சிப் புகார் எண் 13 38 73. ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் 131 450-ஐ அழைத்துத் தமிழ் என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வருவார்.

நடுவில் விலக வேண்டி வந்தாலும் வெறுங்கையோடு வராதீர்கள், முடித்த யூனிட்டுகளுக்கு 'ஸ்டேட்மென்ட் ஆஃப் அட்டெய்ன்மென்ட்' கேட்டு வாங்குங்கள், வேறு இடத்தில் தொடர அது உதவும். எல்லாம் முடித்து, கட்டணப் பாக்கியும் இல்லையென்றால் 30 நாளுக்குள் சான்றிதழ் வந்தாக வேண்டும். யூ.எஸ்.ஐ. கணக்கில் அது உடனே தெரியாமல் போகலாம், ஆர்.டி.ஓ.க்கள் விவரம் அனுப்பிப் பதிவாகச் சில மாதம் பிடிக்கும். அடுத்த வருடம் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள், அப்போதும் இல்லையென்றால் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.